நூற்றில் ஒரு வினாடி!

ஒரு தரம் கண் இமைக்கும் நேரத்தைப் பத்துக் கூறு போடுங்கள். அதில் ஒரு கூறைவிடவும் சிறியது, நூற்றில் ஒரு வினாடி. 1984 ஆகஸ்டு 8-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், அந்த அற்ப நேரத்தில்தான் நம் பி. டி. உஷா வெண்கலப் பதக்கத்தைப் பறிகொடுத்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 வினாடி, உஷாவுக்கு 55.42!

அது 400 மீட்டர் தடை ஓட்டம். "ஓட்டம்தானே? காலில் பலம் இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது, சகோதரிகளே! வழியில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். தாண்டும்போது ஒரு கால் முன்னே நீளும். எதிர்ப்புறத்துக் கை அதனோடு முன்னே போகும். மற்றக் கால் முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சுழன்று வரும். இவற்றில் ஒன்று பிந்தினாலும் வேகம் போச்சு!

இந்த ஒத்திசைவு பிறவியில் வருவதா? ஆட்டுக்கல்லில் மாவு அரைத்த பாட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு கை குழவியைச் சுற்றும். மறு கை மாவைத் தள்ளிக் கொடுக்கும். கொஞ்சம் பிசகினால் விரல் நசுங்கும். ஆனால் பாட்டியோ கதை சொல்லிக்கொண்டே அரைப்பாள்! எல்லாம் பழக்கம். நாம் நினைத்த அசைவுக்கும் உடம்பு செய்த அசைவுக்கும் உள்ள பிசகைக் கண்டு திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரும் பங்கு உண்டு. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, யோசிக்காமலே உடம்பு சரியாக அசைகிறது.

அதனால்தான் பயிற்சியாளர்கள் முதலில் ஓடவே விடுவதில்லை. சரளி வரிசையை முதற்காலத்தில் பாடச் சொல்லும் பாட்டு வாத்தியாரைப் போல, தாழ்ந்த தடைகளை நடந்தே தாண்டச் சொல்கிறார்கள். முன்னங்கால் அசைவு தனியாக, மற்றக் காலின் அசைவு தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து. வேகம் கடைசியில்தான்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. இரு தடைகளுக்கு இடையே 35 மீட்டர் தூரம். தேர்ந்தவர்கள் அதை 15 அடியில் கடந்தால், ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முந்தும். களைப்பில் அடி குறுகி 16 ஆகிவிட்டாலோ, மறு கால் முந்த வேண்டும்! ஆகவே இரு கால்களையும் பழக்குகிறார்கள்.

முடிவுக் கோட்டில் தலையோ கையோ கணக்கில்லை. உடலின் நடுப்பகுதிதான் கணக்கு. சரியான அடியில் மார்பை முன்னே சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வு கைகூடியிருந்தால் உஷாவுக்குப் பதக்கம் கிடைத்திருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. பயிற்சியாளர் நம்பியாருடன் உழைத்து, 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார். தடை ஓட்டத் தங்கமும் அதில் ஒன்று!

உங்கள் வீட்டுப் பெண் பாண்டி ஆடுகிறாளா? கயிறு தாண்டுகிறாளா? "பெண் பிள்ளை குதிக்கலாமா?" என்று அதட்டாதீர்கள். கண்ணும் காலும் கையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளப் பழகும் முதல் பாடம் அதுதான். விளக்கு வைத்த பிறகு வேண்டுமானால் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!