எரிவாயுவுக்கு விலை கொடுக்கிறோம். காற்றுக்கு இடம் கொடுக்கிறோமா?

ஹோட்டலோ பேக்கரியோ தொடங்க நினைக்கும் ஒருவர் எழுதும் செலவுப் பட்டியலில் அநேகமாக எல்லாமே இருக்கும். கடை முற்பணம், வாடகை, மேசை கதிரை, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, சிலிண்டர், பெயர்ப்பலகை, திறப்பு விழாவுக்கான சிற்றுண்டி வரை எழுதியிருப்பார். இந்தப் பத்திக்காகப் பல வியாபாரிகளின் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். "காற்றோட்டம்" என்று ஒரு வரி எழுதி, அதற்கு எதிரே ஒரு தொகை குறித்த பட்டியல் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

மட்டக்களப்பு வாவியை அண்டிய நமது ஊர்களில் விறகுப் போறணையும் விறகு அடுப்பும் படிப்படியாகக் குறைந்து, எரிவாயு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. காத்தான்குடி பிரதான வீதியிலும், ஏறாவூரிலும், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதிகளிலும் கொத்து ரொட்டிக் கல் முதல் பாண் போறணை வரை எரிவாயுவில் இயங்குகின்றன. கோழிக்குஞ்சு வளர்ப்போரும் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க எரிவாயுச் சூடாக்கியைப் பயன்படுத்துகிறார்கள். இது நல்ல மாற்றம்தான். புகை குறைவு, வேலை சுலபம், இடமும் மிச்சம். ஆனால் விறகு அடுப்பு எரிந்த காலத்தில் புகை போவதற்காகவாவது கூரையைத் திறந்து வைத்தோம். எரிவாயு வந்ததும் புகை இல்லைதானே என்று கூரையை மூடினோம். பிறகு முன்பக்கம் கண்ணாடி போட்டு ஏசி பூட்டினோம். இடநெருக்கடி மிக்க காத்தான்குடி போன்ற ஊரில் பக்கத்துக் கடைச் சுவர் நம் சுவரோடு ஒட்டி நிற்கிறது. குசினியோ கடையின் கடைசி மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

ஒரு சிலிண்டர் எவ்வளவு காற்றைக் குடிக்கும்?

இதை ஒரு கணக்காகவே பார்ப்போம். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீற்றர் காற்று வேண்டும். வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ சிலிண்டர் எரிந்து முடிய 160 கன மீற்றர் காற்று செலவாகும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறையில் இருப்பது 28 கன மீற்றர் காற்றுத்தான். அதாவது ஒரு சிறிய சிலிண்டர் ஐந்தரை அறைக் காற்றைத் தின்கிறது. ஹோட்டல்களில் பாவிக்கும் 37.5 கிலோ சிலிண்டர் 17 அறைக் காற்றைத் தின்கிறது. இது அடுப்பின் பங்கு மட்டுமே. அங்கே நின்று வேலை செய்யும் மனிதர்களின் பங்கு வேறு.

இந்தக் காற்று வெளியிலிருந்து தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் அடுப்பு உடனே அணைந்துவிடாது. அரைகுறையாக எரியும். நீல நிறச் சுவாலை மஞ்சளாகும், சட்டியின் அடியில் கரி பிடிக்கும். அப்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு இந்த வாயு ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைச்சுற்று, மயக்கம். நமது ஊர் வெயிலில் இதை "சூடு பிடித்துவிட்டது" என்று சொல்லி, இளநீர் குடிக்கக் கொடுத்து மீண்டும் அதே அறைக்குள் அனுப்பிவிடுகிறோம். ஒரே குசினியில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே வந்ததும் தெளிந்தால், அது வெயிலின் வேலை அல்ல என்று சந்தேகிக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. வெளியூர்களிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் கடையிலேயே படுக்கிறார்கள். போறணைக்குப் பக்கத்து அறை, அல்லது அதற்கு மேலே பலகை அடித்த தட்டு. நோன்பு காலத்தில் சஹர் வரை அடுப்பு எரிகிறது. ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் தூங்குகிறார். விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது தெரியும், தூங்குபவருக்கு எதுவும் தெரியாது. உறங்கப் போகுமுன் தீயை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். எரியும் போறணையோடு ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டு யாரையும் தூங்க வைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பது முதலாளியின் தயவு அல்ல, கடமை.

2021 கற்றுத் தந்தது

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள் பதிவானதை மறந்திருக்க மாட்டோம். நவம்பர் 20 ஆம் திகதி கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டிடத் தொகுதியில் உணவகம் ஒன்று வெடித்தது. அன்றைய ஜனாதிபதி நியமித்த குழு, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஆராய்ந்தது. சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதே பிரதான காரணம் என்று அது முடிவு சொன்னது.

நமது வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனை விடச் சுமார் நான்கு மடங்கு. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அப்போது தளர்ந்த குழாயும் தேய்ந்த ரெகுலேட்டரும் தாங்குவது கடினம். கலவையைச் சரியாக வைத்திருப்பது கம்பனியின் பொறுப்பு, அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கசிந்த வாயு வெளியேற வழியிருந்ததா, அறைக்குள்ளேயே தேங்கியதா என்பதை நமது கட்டிடம்தான் தீர்மானிக்கிறது. சமையல் எரிவாயு காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. அது மேலே போகாது, தண்ணீர் போல நிலத்தில் பரவி, வடிகானிலும் மூலையிலும் தங்கும். அறைக் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே ஒரு சுவிட்சின் பொறி போதும். கூரையில் மட்டும் துவாரம் வைத்தவருக்கு இதனால் பயனில்லை.

உப்புக் காற்றும் இரும்பும்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நமது ஊர்களில் ஆணியும் தகரமும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே துரு எரிவாயுக் குழாயையும் விட்டுவைக்காது.

2004 மே 11 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை வெடித்து இடிந்ததில் 9 பேர் மரணமானார்கள். 1969 இல் போட்ட எரிவாயுக் குழாய் பின்னர் மண்ணுக்குள் மறைந்துபோயிருந்தது. சரியான பாதுகாப்புப் பூச்சு இல்லாமல் அது அரித்து, கசிந்த வாயு நிலக்கீழ் அறையில் சேர்ந்து பற்றிக்கொண்டது. குழாய் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் யாருடைய கவனத்திலும் இருக்கவில்லை. குளிர் நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகளில் நடந்தது, உப்புக் காற்றில் அதைவிட விரைவாக நடக்கலாம். ஆகவே குழாயைச் சுவருக்குள்ளோ, டைலுக்குக் கீழோ மறைக்காதீர்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள் நிறம் பூசி ஓட விடுங்கள்.

பொருத்தும்போது

சிலிண்டர்களின் இடம் கடைக்கு வெளியே. கம்பி வலை அடித்த, நிழலான, தரை உயர்ந்த, வடிகானுக்கு அருகில் இல்லாத ஒரு கூட்டில் நிமிர்த்தி வைக்க வேண்டும். 2022 இன் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, கிடைக்கும்போது வாங்கி உள்ளே அடுக்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் ஒட்டிக்கொண்டுள்ளது. அது கடைக்குள் அடுக்கிய ஆபத்து.

குசினிக்கு இரண்டு வழிகள் வேண்டும். தரையோடு ஒட்டிய ஒரு துவாரம், கசிந்த வாயு வெளியேறவும் புதிய காற்று உள்ளே வரவும். கூரையோடு ஒட்டிய ஒன்று, சூடும் எரிந்த வாயுவும் வெளியேற. வாடையும் கச்சானும் மாறி மாறி அடிக்கும் ஊர் இது. காற்று நேரே அடுப்பில் மோதிச் சுவாலையை அணைக்காத பக்கமாகப் பார்த்துத் துவாரத்தை வையுங்கள், எலிக்காக வலை அடியுங்கள், அட்டையால் மட்டும் அடைக்காதீர்கள்.

எக்சோஸ்ட் பேன் பூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால், அந்த விசிறி புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுக்கும். வெளியே போக வேண்டிய நச்சு வாயு திரும்பி உள்ளே வரும். குளிர் நாடுகளின் பெரிய சமையலறைகளில் வெளியேற்றிய காற்றுக்கு ஈடாக வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பத் தனி இயந்திரங்கள் வைப்பதுண்டு. பிரித்தானியா போன்ற நாடுகளில் விசிறி நின்றால் எரிவாயு தானாகவே மூடிக்கொள்ளும்படி இணைத்தும் விடுகிறார்கள். நமக்குச் சூடு தேவையில்லை, வெறும் காற்று வந்தால் போதும். செலவில் பாதி நமக்கு மிச்சம்.

போறணை வாங்கும்போது, சுவாலை அணைந்தால் வாயுவைத் தானாக அடைக்கும் வால்வு உண்டா என்று கேளுங்கள். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் அலாரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பூட்டுங்கள், அதைக் கூரையில் பூட்டிய கடைகளையும் நான் கண்டிருக்கிறேன். காபனோரொட்சைட்டு அலாரம் வேறு கருவி. அதன் இடம் மனிதர் மூச்சு விடும் உயரம்.

இயக்கும்போது

போறணையைப் பற்ற வைக்குமுன் கதவைத் திறந்து வையுங்கள். முதலில் தீ, பிறகு வாயு. பற்றாவிட்டால் மூடிவிட்டு, கதவு திறந்தபடி ஐந்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு இரண்டாம் முறை தீக்குச்சி உரசும்போதுதான் முகம் கருகுகிறது.

வாயு மணத்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், ஓடும் விசிறியை நிறுத்தவும் வேண்டாம், போடவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, கதவு யன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே போன பிறகு தொலைபேசியை எடுங்கள். யாராவது மயங்கியிருந்தால் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கோழிப்பண்ணை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும் என்பது உண்மை. மாரி மழையில் நான்கு பக்கமும் பொலித்தீன் கட்டி அடைத்துவிடுவதால் சூடு நிற்கும், காற்றும் நின்றுவிடும். குஞ்சுகள் சோர்ந்து விழுந்தால் நோய் என்று மருந்து தேடுமுன் மேற்பக்கத்தில் ஓரடி திறந்து பாருங்கள். சூடாக்கியைக் கயிற்றில் அல்ல, சங்கிலியில் தொங்க விடுங்கள். கீழே விரித்திருப்பது உமி என்பதை மறக்க வேண்டாம்.

பராமரிக்கும்போது

வாரம் ஒருமுறை எல்லாப் பொருத்துகளிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பது தற்கொலைக்குச் சமம். இறப்பர் குழாயிலும் ரெகுலேட்டரிலும் அச்சிட்டிருக்கும் திகதியைக் கொப்பியில் எழுதி, காலம் முடியுமுன் மாற்றுங்கள். துரு கண்டால் திகதியைப் பார்க்காமலே மாற்றுங்கள். பேனரின் துளைகளையும், புகைக்கூண்டில் படியும் எண்ணெயையும் சுத்தம் செய்யுங்கள். வருடம் ஒருமுறை தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு முழுத் தொகுதியையும் பரிசோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

செலவும் அமானிதமும்

இதெல்லாம் செலவு என்பார்கள். சுவரில் இரண்டு துவாரம், ஒரு கம்பிக் கூடு, இரண்டு அலாரம், வருடத்துக்கு ஒரு பரிசோதனை. பல கடைகளில் பெயர்ப்பலகைக்குக் கொடுத்த காசுக்குள் இது அடங்கும். மறுபக்கக் கணக்கையும் பாருங்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்படி, வேலைநேரத்தில் வேலையின் நிமித்தம் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். தகாபுல் எடுத்திருப்பவர்கள் அதன் நிபந்தனைகளை ஒருமுறை வாசியுங்கள். சிலிண்டரை எங்கே வைக்க வேண்டும் என்று அதிலும் எழுதியிருக்கலாம்.

அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டிவிட்டேன் என்று சொல்பவர்கள், தம் பங்கைச் செய்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். நம்மை நம்பிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிய ஒரு தாய், தன் அமானிதத்தை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். இன்று கடை பூட்டுமுன் குசினிக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். காற்று எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால், நாளைக் காலை முதல் வேலையாக மேசன் பாஸைக் கூப்பிடுங்கள்.