தேங்காய் நாரும் ஒரு கம்பிதான்!



நம்ம ஊரில் பழைய மண் சுவர் எங்கேயாவது இடிந்து கிடந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் வைக்கோல் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டிருக்கும். அது தெரியாமல் விழுந்த குப்பை இல்லை. மண்ணை மிதிக்கும்போதே நறுக்கிப் போட்டது. நெல் கொட்டி வைக்கிற குதிருக்கும் இப்படித்தான் மண் குழைப்பார்கள். ஏன் தெரியுமா?

மண் பாரத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது, காயும்போதும் வெடிக்கும். வைக்கோல் அந்த வெடிப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். தளம் போடும்போது சிமெண்டுக்குள்ள கம்பி கட்டுறாங்களே, அதே வேலைதான். இப்படி இரண்டு பொருள்கள் சேர்ந்து, ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்தால் அது கூட்டுப் பொருள். காம்போசிட் என்றும் சொல்வார்கள். இப்போது மண்ணுக்குப் பதிலாக ரெசின், ரப்பர், பிளாஸ்டிக், சிமெண்ட் சேர்க்கிறார்கள். வைக்கோலுக்குப் பதிலாகத் தேங்காய் நார், சணல், வாழை நார்.

நீங்களும் செய்து பாருங்கள்

கண்மாய்க் கரம்பையைக் குழைத்து ஸ்கேல் நீளத்துக்கு இரண்டு கட்டைகள் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் தேங்காய் நாரைச் சின்னதாக வெட்டிக் கலக்குங்கள். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு இரண்டு செங்கல் மேல் பாலம் மாதிரி வைத்து, நடுவில் கல்லை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நான் செய்தபோது நார் இல்லாத கட்டை படக்குன்னு ரெண்டாக உடைந்து விழுந்தது. நார் கலந்ததிலும் விரிசல் விட்டது. ஆனால் விழவில்லை, நாரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. சுவர் விழும் முன்னால் இப்படி ஒரு எச்சரிக்கை கிடைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் வெளியே ஓடி வந்துவிடலாம் அல்லவா?

தேங்காய் நாரின் குணங்கள்

1. எடை குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் நார் சுமார் 1.2 கிராம். கண்ணாடி இழை சுமார் 2.5 கிராம்.
2. நன்றாக நீளும். சணல் 2 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். தேங்காய் நார் 15 சதவீதத்துக்கு மேலேயும் நீளும். அதனால் அடியும் அதிர்வும் தாங்கும்.
3. லிக்னின் என்ற பொருள் 40 சதவீதம் அளவுக்கு இருப்பதால் சீக்கிரம் மட்காது.

குறையும் உண்டு. இழுவை வலிமையில் இது சணலைவிடக் குறைவு, கண்ணாடி இழையைவிட மிகக் குறைவு. தண்ணீரைக் குடித்து உப்பும், அப்போது ரெசினை விட்டுப் பிரியும். அதனால்தான் காஸ்டிக் சோடா கரைசலில் அலசி, மேலே உள்ள மெழுகை எடுத்துவிட்டுச் சேர்க்கிறார்கள். சுமார் 200 டிகிரி சூட்டுக்கு மேல் கெட்டுவிடும்.

பயன்கள்

கடையில் விற்கிற தேங்காய் நார் மெத்தை, நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்ததுதான். நார்ப் பலகையில் கதவு, மேசை செய்யலாம். பிரேசிலில் 1990-களில் லாரி இருக்கைக்கே நாரும் ரப்பரும் சேர்த்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காருக்கு (1957 - 1991) வெளித்தகடு இரும்பு இல்லை, பருத்திக் கழிவும் ரெசினும்! 30 லட்சம் கார்களுக்கு மேல் ஓடின. ஆனால் அந்தத் தகடு மட்காததால் பழைய கார்களை அழிப்பது பெரிய கஷ்டமாகிவிட்டது. நார் மட்கும், ரெசின் மட்காது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

நம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி, கயிறுக்குப் பேர் போன ஊர். எங்க சின்னம்மா அங்கேதான் கயிறு திரிக்கிறாங்க. நைலான் கயிறு வந்த பிறகு கேட்கிற ஆள் குறைந்துவிட்டது, சில வாரம் வேலையே இல்லை என்பார்கள். நம் நாட்டு நார் கட்டுக் கட்டாகச் சீனாவுக்குப் போகிறது. அதைப் பலகையாகவும் கதவாகவும் இங்கேயே செய்தால் சின்னம்மா மாதிரி எத்தனையோ பேருக்கு வருஷம் முழுக்க வேலை கிடைக்கும். அதைப் படித்துச் செய்ய வேண்டியது நாம்தான்.

இனிமேல் மட்டையை அடுப்பில் வைக்கும் முன்னால் ஒரு நாரைப் பிரித்து இழுத்துப் பாருங்கள் நண்பர்களே!


ஒன்பதாம் வகுப்பு மாணவி