கப்பி மீன்களின் குடல் நோயும் மெலிவு நோயும்

மன்னார்த் தீவில் கப்பி மீன் கண்ணாடித் தொட்டிக்கு அழகு தருவது மட்டுமன்று, வீட்டுக்குக் காவலுமாகும். இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உறுதிப்படுத்தியது. ஆயினும், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரில் காணப்பட்டதென 2017இல் அறிவிக்கப்பட்டது. கிணறுகளிலும் நீர்த் தொட்டிகளிலும் பெருகும் இந்நுளம்பின் குடம்பிகளை உண்ணும் மீன்களை அங்கு விடுதல் சிறந்த தடுப்பு முறைகளுள் ஒன்றாகும். நோயால் மெலிந்த மீனோ குடம்பியை நாடாது. ஆதலின், கப்பி வளர்ப்போர் அதன் குடல் நோய்களை அறிந்திருத்தல் அவசியம்.

நோயை அறிதல்

மீன் மெலிந்தால் இரை போதவில்லையெனக் கருதி மேலும் இரையிடுவோர் பலர். இதனால் நோய் தீராது. எஞ்சிய இரை அழுகி நீரைக் கெடுக்கும். முதலிற் கவனிக்க வேண்டியது மீனின் கழிவேயாகும்.

1. வயிறு உப்பி, கழிவு வெளியேறாதிருத்தல்: மிகையான உலர் இரையால் வரும் மலச்சிக்கலாக இருக்கலாம். சினை கொண்ட பெண் மீனை நோயுற்றதென எண்ணலாகாது. கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும்.

2. வெண்ணூல் போன்ற கழிவும் உணவில் விருப்பமின்மையும்: குடலிலுள்ள நுண்ணுயிர்களால் நேரலாம். பட்டினி கிடந்த மீனுக்கும் இவ்வாறு கழிவு வருவதுண்டு.

3. கழிவு வாயிலிற் சிவந்த நூல்கள் தோன்றுதல்: கமலானஸ் என்னும் வட்டப்புழுவின் அடையாளம்.

4. உண்டும் மெலிதல், முதுகு வளைதல், புண் தோன்றுதல்: மீன் காசநோயெனச் சந்தேகிக்க வேண்டும்.

சிகிச்சை

நோயுற்ற மீனை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய நீரோடு புதிய நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குதல் நன்று. கப்பி உவர் நீரைத் தாங்கும். திடீர் மாற்றத்தைத் தாங்காது.

மலச்சிக்கலுக்கு இரண்டு நாள் இரையை நிறுத்தி, பின்னர் அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியை மசித்துச் சிறிதளவு கொடுக்கலாம். 20 லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு இடுவதும் பயன் தரும். சமையல் உப்பு இதற்கு மாற்றாகாது.

குடல் நுண்ணுயிர்களுக்கு, மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி, ஒரு கிராம் இரைக்கு 10 மில்லிகிராம் மெற்றொனிடசோல் கலந்து ஐந்து நாள் கொடுப்பது வழக்கம்.

புழுவுக்கு லெவமிசோல் மருந்தை லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் இட்டு, தொட்டியை 24 மணி நேரம் இருளில் வைக்க வேண்டும். இம்மருந்து புழுவை மரக்கச் செய்து வெளியேற்றும். எனவே அடியிற் கிடப்பவற்றை அகற்றி நீரை மாற்றாவிடில், மீன் அவற்றை மீண்டும் உண்ணும். இரண்டு அல்லது மூன்று வாரத்தின் பின் மறுமுறையும் செய்தல் வேண்டும்.

மீன் காசநோய்க்கு வீட்டில் நம்பத்தக்க சிகிச்சை இல்லை. அத்தகைய மீனை அகற்றிப் புதைத்து, தொட்டியைக் குளோரின் நீராற் கழுவி உலர்த்த வேண்டும். இந்நோய்க் கிருமி 1926இல் பிலடெல்பியா நகரின் காட்சித் தொட்டி மீன்களிலிருந்து கண்டறியப்பட்டது. கையிலுள்ள காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றித் தோற்புண் உண்டாக்கும். காயமுள்ள கையைத் தொட்டிக்குள் இடலாகாது.

கிணற்றைக் காத்தல்

மேற்கூறிய மருந்து எதனையும் கிணற்றில் இடலாகாது, அது குடிநீர். மருந்திட்ட நீரையும் கிணற்றருகே ஊற்றலாகாது. புதிய மீனை நான்கு வாரம் தனித்து வைத்துப் பார்த்து, நன்றாக உண்டு, கழிவு சீராக உள்ள மீனையே கிணற்றில் விட வேண்டும். குளத்து நீரிலுள்ள நுண்ணிய ஓட்டுயிர்கள் கமலானஸ் புழுவின் இளம் பருவத்தைச் சுமந்து வரலாம். ஆகையால் அந்நீரில் அள்ளிய உயிரிரையை இடாதிருத்தல் நலம். வேண்டாத மீன்களைக் கட்டுக்கரைக்குளம் போன்ற நீர்நிலைகளில் விடுவதும் தவறு.

இரண்டு நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே தொட்டி மீனுக்குப் போதிய இரை. இரையிடும் வேளையில் கழிவையும் ஒருமுறை நோக்கும் பழக்கம் மீனையும் காக்கும். அம்மீன் காக்கும் வீட்டையும் காக்கும்.