குளிசையும் மூளையும்: ஒரு தாயின் கேள்வி

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலுள்ள அந்த வீட்டுக்கு மூன்று வருடங்களாக மாதமொருமுறை போய்வருகிறேன். மகளுக்கு மனச்சிதைவு நோய். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், யாரோ காதுக்குள் பேசுவதாகச் சொல்லத் தொடங்கியவள். சிகிச்சைக்குப் பின் அயலவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். உடம்பு பெருத்துவிட்டது, காலையில் எழும்பவே முடியாத மயக்கம் என்ற குறைகள் இருக்கத்தான் செய்தன.

கடந்த ஆண்டு ஒருநாள் தாயார் தேநீரைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: “பிள்ளை, இந்தக் குளிசை மூளையைச் சுருக்கிப் போடுமாமே? கனடாவிலை இருந்து தம்பி சொல்லுறான். உண்மையே?”

“அப்பிடி ஒண்டும் இல்லையம்மா, பயப்பிடாதேங்கோ” என்றேன்.

ஆறுதல் சொல்லும் பழக்கத்தில் வந்த பதில் அது. நான் படித்தது சமூகவியல். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரமே தம்பியார் ஆய்வுச் செய்தி ஒன்றைத் தொலைபேசிக்கு அனுப்ப, தாயார் குளிசையை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. பொய் சொன்னவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஏழாவது வாரம் மகள் இரவிரவாக முற்றத்தில் நடந்தாள். ஒரு விடியற்காலை கிணற்றுக்கட்டில் ஏறி நின்றவளை அயலவர்தான் பிடித்து இறக்கினார்கள். பிறகு ஒரு மாதம் வைத்தியசாலை.

தம்பியார் சொன்னது பொய்யல்ல. அதைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அமெரிக்காவின் அயோவாவில் நான்சி அன்ட்ரியாசன் என்ற பெண் மருத்துவரின் குழு 211 நோயாளரின் மூளையைச் சராசரியாக 7 வருடங்கள் எம்.ஆர்.ஐ. படங்களால் தொடர்ந்து பார்த்தது. 2011இல் வெளியான முடிவின்படி, மருந்தின் அளவு கூடியவர்களில் மூளைத் திசு கூடுதலாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்னர், 2005இல், நோயே இல்லாத குரங்குகளுக்கு ஹலோபெரிடோல் அல்லது ஒலன்சபின் கொடுத்துப் பார்த்தார்கள். 17 முதல் 27 மாதங்களில் அவற்றின் மூளை எடை 8 முதல் 11 சதவீதம் வரை குறைவாக இருந்தது. ஆக, மருந்துக்கு இதில் பங்கு உண்டு.

ஆனால் முழுப் பழியும் மருந்துக்கல்ல. இந்த வகையில் முதல் மருந்தான குளோர்புரோமசீன் மனநோய்க்குப் பயன்பட்டதே 1952இல்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னர், 1927இல், ஜேர்மனியில் எடுத்த படங்களிலேயே இந்நோயாளரின் மூளைக்குள் இருக்கும் நீர் அறைகள் பெருத்திருந்தது தெரிந்தது. அறை பெருத்தால் சுற்றியுள்ள திசு குறைந்திருக்கிறது என்றுதானே பொருள்.

எமக்குக் கிட்டிய சான்று சென்னையில் இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தின் மருத்துவர்கள் தாரா, பத்மாவதி முதலானோர், ஸ்கொட்லாந்து மருத்துவர் மக்கிரீடியுடன் சேர்ந்து, மருந்தே தொடாத நோயாளரைத் தேடிப் போனார்கள். மேற்கு நாடுகளில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது அரிது. எங்கள் ஊர்களில் என்றால் நேர்த்தியும் நூல்கட்டலுமாக எத்தனை வருடங்கள் போய்விடும் என்பது வாசகியருக்குத் தெரியும். வாய், நாக்கு, கை ஆகியவை தாமாக அசையும் கோளாறு மருந்தால் மட்டுமே வருவதென்று பலர் நினைத்திருந்தார்கள். 1996இல் வெளியான இவர்களின் ஆய்வில், மருந்து எடுத்தோரில் 41 சதவீதத்தினரிடமும், மருந்தே எடுக்காத நோயாளரில் 38 சதவீதத்தினரிடமும் அது காணப்பட்டது. நோயற்றவர்களிடம் 15 சதவீதம். 2002இல் மூளைப் படமும் எடுத்தார்கள். மருந்து தொடாமலே இந்த அசைவு வந்தவர்களில், அசைவைக் கட்டுப்படுத்தும் உள்மூளைப் பகுதி ஒன்று பெருத்திருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2020இல் வெளிவந்த ஆய்வு. மருட்சியோடு கூடிய கடும் மனச்சோர்விலிருந்து மீண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒலன்சபின் தொடர்ந்தது. மற்றவர்களுக்கு வெறும் குளிசை. 36 வாரங்களில் மருந்து எடுத்தோரின் மூளைப் புறணி மெலிந்தது. வெறும் குளிசையோடு நோய் திரும்பியவர்களுக்கும் மெலிந்தது.

பின்லாந்தில் 66,881 நோயாளரை 11 வருடங்கள் பார்த்து 2009இல் எழுதியதில், நீண்டகாலம் மருந்து எடுத்தவர்களைவிட எடுக்காதவர்களிடையே இறப்பு அதிகமாயிருந்தது. கிணற்றுக்கட்டை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. “அப்ப ரெண்டு பக்கமும் பள்ளம் எண்டுறீங்கள்” என்றார். “ஓம் அம்மா. நிப்பாட்டிறதும் ஆபத்து, தேவைக்குக் கூடக் குடுக்கிறதும் சரியில்லை. குறைக்கேலுமோ எண்டு டொக்டரைத்தான் கேக்கவேணும்.”

கிளினிக்கில் கேட்பதற்குத் தாயாருக்குப் பயம். இரண்டு நிமிடத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்துவிடும் இடத்தில் யார்தான் துணிந்து கேட்பார்கள்? ஆகவே துண்டில் எழுதிக் கொடுத்தேன்: இப்போதைய அளவு தேவையா, எப்போது குறைத்துப் பார்க்கலாம், நிறையையும் சீனியையும் எப்போது சோதிப்பது, வாய் அசைந்தால் உடனே வரவேண்டுமா.

மருத்துவர் துண்டை வாங்கி முழுவதும் வாசித்தாராம். ஆறு மாதம் நோய் தலைகாட்டாவிட்டால் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்போம் என்றாராம். அதில் நான்கு மாதம் போய்விட்டது. மகள் திரும்பவும் தையல் மெசினில் இருக்கிறாள். காலையில் இன்னும் எட்டு மணிக்குத்தான் எழும்புகிறாள். தாயார் சுவரிலுள்ள கலண்டரில் ஒவ்வொரு இரவும் குளிசை கொடுத்ததும் ஒரு கோடு போடுகிறார். அடுத்த கிளினிக்குக்கான துண்டை இந்தமுறை அவரே எழுதி வைத்திருக்கிறார்.