கற்பூமியில் மோட்டாருக்கு எர்த்

திருவண்ணாமலையின் மேற்றிசையில், கிரிவலப் பாதையை ஒட்டியுள்ள அடி அண்ணாமலையைச் சூழ்ந்த நிலங்கள் பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியவை. பல இடங்களில் சில முழ மண்ணுக்குக் கீழே பாறை. கமலை இறைத்த கிணறுகளில் இன்று மின்சார மோட்டார் ஓடுகின்றது. அதனுடன் வந்த அபாயத்தை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

மோட்டாரின் கம்பிச் சுருள்மேலுள்ள காப்பு ஈரத்தாலும் சூட்டாலும் பழுதடையின், மின்சாரம் இரும்புக் கூட்டில் ஏறிவிடும். மோட்டாரோ வழக்கம்போல் ஓடவுங் கூடும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று அதைத் தொடுபவர் உடல் வழியே 230 வோல்ட் பூமியை நாடும். நனைந்த உடலின் தடை சுமார் 1000 ஓம் எனக் கொண்டால், பாய்வது கால் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதில் நாலில் ஒரு பங்கே உயிரைப் போக்கப் போதுமானது. மின்சாரத்திற்கு வேறு எளிய வழி காட்டி, பியூஸை எரியச் செய்வதே எர்த்தின் வேலை.

ஒரு கம்பியைப் பூமியில் புதைத்தவுடன் இது நிறைவேறிவிட்டதாக எண்ணுவது தவறு. கணக்கைப் பாருங்கள். அவ்வழியின் மொத்தத் தடை 2 ஓம் ஆயின் 115 ஆம்பியர் பாயும். 15 ஆம்பியர் பியூஸ் உடனே எரியும். உலர்ந்த சரளை மண்ணில் தடை 20 ஓம் ஆயின் பாய்வது பதினொன்றரை ஆம்பியரே. பியூஸ் எரியாது, கூட்டில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் உண்டென்ற தைரியத்தில் ஆட்கள் அதைத் தொடுவர். எர்த்தே இல்லாததினும் இது பொல்லாதது என்பது எமது அபிப்பிராயம்.

ஆகையால் இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயை, கரியும் உப்பும் இட்ட குழியில், வாய்க்கால் தலைப்பு போன்ற ஈரமான இடத்தில் இறக்க வேண்டும். பாறை தடுத்தால் அரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டி, 15 மீட்டருக்குக் குறையாத ஜி.ஐ. பட்டையைக் கிடையாகப் புதைக்கலாம். மூன்று பேஸ் மோட்டாரின் கூட்டிலிருந்து இரண்டு தனித்தனி இணைப்புகள் பூமிக்குச் செல்ல வேண்டுமென்பது விதி. அவற்றில் ஒன்று ஆணியில் சுற்றித் தொங்குவதே பல கொட்டகைகளில் காணும் காட்சி!

ஸ்டார்ட்டர் பெட்டி, மெயின் ஸ்விட்ச், கம்பி செல்லும் இரும்புக் குழாய், கிணற்றில் இறங்கும் நீர்க்குழாய், தகரக் கூரை ஆகிய எல்லாவற்றையும் அதே எர்த்துடன் பிணைக்க வேண்டும். இன்றேல் ஒரு கை மோட்டாரிலும் மறு கை நீர்க்குழாயிலும் பட்டவருக்குத் தீங்கு நேரும். இணைப்பிடங்களில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, இரும்போடு இரும்பு படும்படி முடுக்குக. பிளாஸ்டிக் குழாயில் தொங்கும் நீர்மூழ்கி மோட்டாருக்குக் குழாய் எர்த் ஆகாது; தனிக்கம்பி வேண்டும். நியூட்ரல் கம்பியைக் கூட்டில் கட்டுவது பெருந்தவறு. லயனில் அது எங்கேனும் அறுந்தால், பழுதற்ற மோட்டாரின் கூட்டிலும் மின்சாரம் ஏறும்.

இத்தனை செய்தும் கற்பூமியில் தடை குறையாதிருக்கலாம். அங்கே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பு ஸ்விட்சை ஆடம்பரமென்று கருதலாகாது. அதன் சோதனைப் பொத்தானை மாதமொரு முறை அழுத்திப் பார்த்தல் நலம்.

ஊராட்சிக் குடிநீர் மோட்டார்களுக்கும் இவை யாவும் பொருந்தும். எர்த் தடையைக் கருவியால் அளக்கும்போது, மழைக்குப் பின் கிடைக்கும் அளவைக் கண்டு திருப்தியடைய வேண்டாம். சித்திரை வைகாசியில், குழிக்கு நீர் ஊற்றுமுன் அளந்து, தேதியுடன் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைக்கவும்.