பிழை திருத்தமும் பிறர் பார்வையும்

தொல்காப்பியனார் தம் நூலை அதங்கோட்டாசானுக்கு உரைத்து அரங்கேற்றினார் என்று அந்நூலின் பாயிரம் கூறுகிறது. அவ்வாசானின் ஊர், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஆதங்கோடு என்று சொல்வது வழக்கம். நூலை எழுதிவிட்டால் மட்டும் போதாது. கற்றவர் ஒருவர் அதனை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. அக்கொள்கை இன்று கணிப்பொறி நிரல்களை எழுதுவோரிடையே வேறு உருவில் வாழ்கின்றது.

கட்டற்ற மென்பொருள் என்பதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். இக்கருத்துக்குத் திருவனந்தபுரம் பழைய உறவு உடையது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்நகரிலேயே தொடங்கிவைத்தார். திருத்தும் உரிமை எல்லார்க்கும் உண்டென்றால், கண்டவர் கண்டபடி மாற்றி நிரலைக் கெடுத்துவிட மாட்டார்களா என்று நேயர்கள் வினவலாம். ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது மூலத்தில் சேரும் என்னும் வழக்கமே அவ்வினாவுக்கு விடையாகும்.

இதனை மலையாள எழுத்தைக்கொண்டு விளக்கலாம். ‘ராஜன்’ என்னும் பெயரின் இறுதியில் வரும் ன் ஒலியை மலையாளத்தில் சில்லெழுத்தால் எழுதுவர். யூனிக்கோடு முறையில் முன்னர் இவ்வெழுத்துக்கு மூன்று குறியீடுகள் வேண்டியிருந்தன: ஓர் உயிர்மெய், அதன்மேல் சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பி. 2008இல் வெளிவந்த 5.1ஆம் பதிப்பு, ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியீடு அளித்தது. கண்ணுக்கு இரண்டு முறையும் ஒன்றே, கணிப்பொறிக்கோ வெவ்வேறு. ஆதலின், பழைய முறையில் பதிந்த பட்டியலில் புதிய முறையில் ஒரு பெயரைத் தேடினால், பெயர் இருந்தும் ‘இல்லை’ என்றே விடை வரும்.

இப்பிழையைக் களைய ஒருவர் பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதுகிறார் என்று கொள்வோம். இணைப்பியை நீக்கிவிட்டு, புதிய சில்லெழுத்தையும் உயிர்மெய்யும் சந்திரக்கலையுமாகப் பிரித்துவிடுகிறார். தேடிய பெயர் கிடைத்துவிடுகிறது, எழுதியவர் மகிழ்கிறார். ஆனால் திருத்தத்தைப் படிக்கும் மற்றொருவர், மலையாளத்தில் இணைப்பி இல்லாத அந்த வடிவம் ‘ராஜனுக்கு’ என்று பொருள்படும் வேறு சொல்லாயிற்றே என்று சுட்டிக்காட்டுகிறார். ஒரு பிழை நீங்கியது, மற்றொன்று புகுந்தது. பழைய மூன்று குறியீட்டுத் தொடரைப் புதிய ஒற்றைக் குறியீடாக மாற்றுவதே தக்க வழி. அவ்வாறு மாற்றி எழுதிய பின்னும், ‘ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்; எஞ்சிய ஐந்து என்ன ஆயின?’ என்று அவர் வினவுவார். மேலும், முன்பு தவறிய சொல்லையும் இனிக் கெடக்கூடாத சொல்லையும் சோதனையாக எழுதி உடன் சேர்க்கச் சொல்வார்.

அடுத்தது நடை. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி அழகுக்காக மட்டும் உள்ளதன்று. பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் செயற்பட வேண்டிய வரியை இடப்புறம் நகர்த்திவிட்டால், எல்லாப் பெயர்களும் முடிந்தபின் அது ஒரே ஒரு முறை செயற்பட்டு நின்றுவிடும். 2001இல் அம்மொழிக்கென வகுத்த நடைக் குறிப்பு நான்கு இடைவெளி விடுமாறு கூறுகிறது. பொருள் விளங்காத ஒற்றை எழுத்துப் பெயர்களுக்கு மாறாக, செயலைச் சொல்லும் பெயர்களை வைப்பது படிப்போர்க்கு உதவும். ஆனால் பிழை திருத்தத்தையும் நடைத் திருத்தத்தையும் ஒன்றாகக் கலத்தல் ஆகாது. நூறு வரிகளில் இடைவெளியை மாற்றி, அவற்றினிடையே ஒரு வரியில் பொருளையும் மாற்றினால், அந்த ஒரு வரி படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

திறந்த நிரல் என்பதாலேயே அது குற்றமற்றது ஆகிவிடாது. பாஷ் என்னும் கட்டளை நிரலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த பெரும் பிழை 2014 செப்டம்பரில்தான் வெளிப்பட்டது. அவசரமாக வந்த முதல் திருத்தம் போதவில்லை. சில நாள்களுக்குள் மேலும் திருத்தங்கள் வேண்டியிருந்தன. எவரும் படிக்கலாம் என்பது வேறு; ஒருவர் பொறுப்புடன் படித்தார் என்பது வேறு.

குற்றம் காண்பவர் நிரலில் காண வேண்டுமேயன்றி எழுதியவரிடத்துக் காணலாகாது. திருத்தம் பெறுபவரும் அதனை இழிவாகக் கொள்ளலாகாது. ஒரு பட்டியலில் தம் பெயர் இல்லை என்று கேட்டு வீடு திரும்பும் முதியவருக்குச் சில்லெழுத்தும் தெரியாது, குறியீடும் தெரியாது. அவர் பொருட்டேனும் அந்த ஒரு வரியை இருவர் படித்தல் வேண்டும்.