ஆம்ஸ்டர்டாம் என்றொரு காரைதீவு

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் ஏறிச் செல்வோர், இரு தீவுகளுக்கும் இடையே கடலின் நடுவில் ஒரு கோட்டை நிற்பதைக் காண்பர். நாற்புறமும் அலை மோத, முருகைக்கல்லாற் கட்டப்பெற்று நிற்கும் அதனை நம்மவர் கடற்கோட்டை என்பர். ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹமன்ஹீல். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித் தொடைபோலத் தோன்றிற்றாம்; அதன் குதிகாற் பகுதியே இவ்விடம் என்பது அப்பெயரின் பொருள். ஒரு நாட்டை முதன்முதலாகக் காண்பவனுக்கு அது உண்ணும் பொருளாகத் தோன்றுமாயின், பின்னர் நடப்பதை ஊகிப்பது அரிதன்று.

கோட்டைக்கு மட்டுமன்றித் தீவுகளுக்கும் அவர்கள் தம் நாட்டுப் பெயர்களைச் சூட்டினர். காரைநகர் அக்காலத்திற் காரைதீவு. அதற்கு ஆம்ஸ்டர்டாம் என்று பெயர் வைத்தனர். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க்; நயினாதீவு ஹார்லெம்; அனலைதீவு ரொட்டர்டாம்; நெடுந்தீவு டெல்ப்ட். 1602ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு அந்நாட்டில் ஆறு நகரங்களிற் கந்தோர்கள் இருந்தன. ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், ரொட்டர்டாம், டெல்ப்ட் ஆகிய நான்கும் அவ்வாறனுள் அடங்குவன. வியாபாரி தன் கந்தோர் இருக்கும் ஊர்களின் பெயரையே நம் தீவுகளுக்கு இட்டுவிட்டான்!

அவர்களுக்கு முன் வந்தவர் போர்த்துக்கேயர். 1505ஆம் ஆண்டளவில் இலங்கைக் கரையை அடைந்த அவர்கள், 1560இல் யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்தனர். 1591இல் மீண்டும் வந்தனர். 1619இல் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து அரசைத் தமதாக்கினர். கோவைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவ்வரசன் அங்கே கொலைத்தண்டனை பெற்றான். இத்துணைப் பாடுபட்டுப் பிடிக்க இந்த வறண்ட மண்ணில் யாது இருந்தது என்று மாணவர்கள் கேட்கக்கூடும்.

விடை ‘கயிற்ஸ்’ என்னும் சொல்லிலேயே இருக்கின்றது. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அப்பெயர், கப்பல்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. யானைத்துறை என்றே போர்த்துக்கேயர் அவ்விடத்தைக் குறித்தனர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து, இத்துறையிலிருந்து மரக்கலம் ஏறி இந்தியாவுக்குச் சென்றன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்து அவற்றை வாங்கினர். தீவகக் கடலில் எடுத்த சங்கு வளையல் செய்ய வங்காளம் சென்றது. மணற்பாங்கான நிலங்களில் ஆழத் தோண்டி எடுக்கும் சாயவேர், துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டியது. யானையும் சங்கும் வேரும் நம் முன்னோரும் விற்ற பொருள்களே. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் வேர் தோண்டுதல் கம்பனிக்குச் செய்யும் கட்டாய ஊழியமாயிற்று. வாங்குபவனும் விலை சொல்பவனும் ஒருவனேயாக இருந்தான்.

பொருளோடு சமயமும் வந்தது. போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை 1621இல் இடித்தனர். பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிற் கற்களே கடற்கோட்டைக்குச் சென்றன என்பது கர்ணபரம்பரைச் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின் கத்தோலிக்கருக்கும் அதே துன்பம் நேர்ந்தது. அவர்களுடைய குருமார் துரத்தப்பட்டனர். கோயில்கள் புரட்டஸ்தாந்து சபைக்கு உரியன ஆயின. அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணத்திற்குப் பணிபுரிய வந்த பால்தேயுஸ் பாதிரியார், கோயிற்பற்றுதோறும் நடந்த பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்தார்; 1672இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால யாழ்ப்பாணத்தை நமக்குக் காட்டுகின்றது. பள்ளிக்கூடத் தோம்பிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. பதிவு இல்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. அவன் பிள்ளைகளின் முதுசொத்து உரிமைக்கும் இடையூறு நேரும்.

தோம்பிலே பெயர் ஏறியது. உள்ளமும் உடன் ஏறிற்றா? விரத நாளில் மரக்கறி உண்ட வாழையிலையை, அதிகாரிகள் காணாவண்ணம் கூரையிற் செருகி மறைத்தனர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. இடிந்த நல்லூர்க் கோயிலை 1734இல் மீண்டும் எடுப்பித்தவர் ஒல்லாந்தரின் கீழ் உத்தியோகம் பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார். அவருடைய முழுப்பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார்! பெயரின் முன்பாதி ஆட்சியாளருக்கு, பின்பாதி முருகனுக்கு.

கத்தோலிக்கரும் அவ்வாறே தம் நெறியைக் காத்தனர். 1687இல் கோவையிலிருந்து ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேவாஸ் முனிவர், சில்லாலையில் மறைந்திருந்து இரவிலே பூசை செய்து மக்களைத் தேற்றினார். 2015ஆம் ஆண்டில் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார். ஊர்காவற்றுறையில் இன்று ஒலிக்கும் ஆலய மணிகளும், காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்தில் ஒலிக்கும் மணியும் அந்தச் சோதனைக் காலத்தைத் தாண்டி வந்த ஓசைகளே.

1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. உத்தியோகத்திற்கு ஒல்லாந்தர் சபை வேண்டியதில்லை என்றானதும், தோம்பிலிருந்த பெருங்கூட்டம் சில ஆண்டுகளிற் கரைந்து போயிற்று. தடுக்கப்பட்ட இரு சமயங்களும் நின்றன, திணிக்கப்பட்டதோ நிற்கவில்லை.

வந்தவர்களால் நன்மையே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். நம் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்று 1707இல் சட்டமாக்கியவர் ஒல்லாந்தரே. நாம் அமரும் கதிரையும், உடை வைக்கும் அலுமாரியும், எழுதும் மேசையும் போர்த்துக்கேயச் சொற்கள். கந்தோர் ஒல்லாந்தச் சொல். 1816இல் வந்த அமெரிக்க மிஷனார், காரைநகருக்கு அயலிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823இல் நிறுவிய செமினரி உயர்கல்வி தந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, மிஷனாரின் பள்ளி முறையையே சைவத்துக்குக் கருவியாக்கினார். அவ்வழியில் 1888இல் காரைநகரிலும் ஒரு சைவப் பள்ளி எழுந்து, இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளும் அறிவு நம் முன்னோரிடம் இருந்தது.

கடற்கோட்டையின் கதையைச் சொல்லி முடிப்போம். 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த போர்த்துக்கேயரிடம் பீரங்கியும் மதிலும் இருந்தன. ஆனால் அக்கோட்டைக்குள் நன்னீர் ஊற்று இல்லை. தண்ணீர் தேக்கி வைத்த மரத்தொட்டி பீரங்கிக் குண்டுபட்டுச் சிதைந்தது; தாகம் தாங்காது அவர்கள் சரணடைந்தனர். வென்றவர்கள் கற்றொட்டி கட்டிக்கொண்டனர். ஆயினும் காலம் வந்தபோது அவர்களும் போயினர். பிற்காலத்திற் சிறையாகவும் இருந்த அக்கோட்டை, இன்று கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாக விளங்குகின்றது.

ஒல்லாந்தர் தீவுகளுக்கு இட்ட பெயர்களில் டெல்ப்ட் இன்றும் வழங்குகின்றது. அதுவும் நெடுந்தீவு என்ற பெயரை அழிக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் என்று தம் ஊரை அழைப்பவர் காரைநகரில் ஒருவரும் இலர். அடுத்த முறை பாதையில் ஏறும்போது, பெற்றோர் அக்கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டி இதனைச் சொல்லட்டும்: வெளியிலிருந்து ஊற்றிய நீர் தொட்டி உடைந்த அன்றே போய்விடும், உள்ளே சுரக்கும் ஊற்றே நிலைத்து நிற்கும்.